வீட்டில் ஆண் இல்லை

கதவு தட்டப்பட்டபோது அவன் காபியில் இன்னும் வாய் வைத்திருக்கவில்லை.

அவள் கணவனை அலமாரிக்குள் தள்ளினாள். கோட்டுகளுக்குப் பின்னால். ஆறடி மனிதன் குனிந்து, மடங்கி, ஒரு வழியாக உள்ளே போனான்.

போரில் பதுங்குகுழியில் கிடந்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று ஒவ்வொரு முறையும் சிரிப்பான்.

இன்று சிரிக்கவில்லை.

டெட்ராய்ட், 1958. கார்த் தொழிற்சாலை அவனை வீட்டுக்கு அனுப்பி ஒரு வருடம் ஆகப்போகிறது. அரசின் உதவிப் பணம் அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும்தான். வீட்டில் ஓர் ஆண் இருப்பது தெரிந்தால் அன்றோடு நின்றுவிடும். முறைப்படி மணந்த கணவனும் அதில் சேர்த்தி. நல்ல சட்டம்!

உதவி அலுவலகத்துப் பெண் அதிகாரி கேட்காமலேயே உள்ளே வந்தாள். குளியலறை அலமாரியைத் திறந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். தலையணைகளை எண்ணினாள். அலமாரியையும் திறந்தாள்; வரிசையாகக் கோட்டுகள்தான் தெரிந்தன.

ஒன்றும் அகப்படவில்லை. அவனுடைய ஷூவும் சவரக் கத்தியும் மாடி வீட்டுக்குப் போய்ப் பல நாளாகிறது.

ஆனால் மேசையில் இரண்டு காபி.

இரண்டிலும் ஆவி.

அதிகாரி அதையே பார்த்தாள். அம்மா ஒரு கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"உங்களுக்குத்தான் மேடம். நீங்க வர்றத ஜன்னல்லயே பாத்துட்டேன்."

அதிகாரி காபியைத் தொடவில்லை. அறையில் நின்ற குழந்தையிடம் திரும்பினாள்.

"உங்கப்பா எங்க பாப்பா?"

"போயிட்டாரு. எங்கன்னு தெரியாது," என்றாள் லோரெட்டா.

ஏழு வயது. தினமும் தலை பின்னும்போது அம்மா சொல்லிக்கொடுத்த பதில். ஓர் எழுத்து பிசகவில்லை.

அதிகாரி எழுதினாள். பேனா நின்றது.

"அவரு திரும்பி வந்தா நல்லாருக்கும், இல்ல?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. அலமாரி குழந்தைக்குப் பின்னால் இரண்டே எட்டில் இருந்தது.

லோரெட்டா யோசித்தாள்.

"வேணாம். அவரு வந்தா எங்களுக்குச் சாப்பாடு கிடைக்காது."

அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை. நோட்டை மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனாள்.

படிகளில் காலடிச் சத்தம் ஓயும்வரை அம்மா அசையவில்லை. தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது.

அதன் பிறகுதான் உண்மையான பயம் வந்தது.

அந்தத் தெருவிலேயே மூன்று வீடுகளில் அப்பா இல்லை என்ற பொய் நிஜமாகிவிட்டது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று ஒருநாள் எழுந்து போய்விட்டார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

அலமாரியைத் திறந்தாள்.

"போயிட்டா. வெளிய வா."

அவன் வரவில்லை. கோட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"கடைசியா சொன்னாளே. அதுவும் நீ சொல்லிக்கொடுத்ததா?"

"ஆமா," என்றாள். "நான்தான்."

லோரெட்டா தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அவள் குழந்தையின் கையை இறுக்கினாள்.

அவன் அதைப் பார்த்துவிட்டான்.