வெள்ளிக்கிழமைக்குள் கல்யாணம்

“எங்களுக்கு இன்னிக்கே கல்யாணம் ஆகணும்,” என்றாள் டார்லா. “வெள்ளிக்கிழமைக்குள்ள பேரைக் குடுத்தாத்தான் இவர் ஃபேக்டரி மெடிக்கல் இன்சூரன்ஸ்ல பொண்டாட்டின்னு என்னையும் சேர்த்துக்குவாங்க.”

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் திருமணப் பதிவு கிளார்க்காக இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவள் பெர்னிஸ். மூக்குக் கண்ணாடியை இறக்கி, டார்லாவையும், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்ற வெண்டலையும் பார்த்தாள். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

“இன்சூரன்ஸுக்காகவா கல்யாணம்?”

“நான் தனியா கட்டிட்டிருந்தது மாசம் நானூறு டாலர். இப்ப ஆயிரத்து நூறுங்கிறான். வேற என்ன பண்றது?”

“ஏம்மா, ஆளைப் பத்தி விசாரிச்சியா? குடிப்பாரா, கோவக்காரரா?”

“குறட்டை விடுவார். அது ஒண்ணுதான்.”

“அவளும்தான்,” என்று முணுமுணுத்தான் வெண்டல்.

“முன்னாடி கல்யாணம் ஆயிருக்கா?”

“ரெண்டு பேருக்குமே ஆச்சு. விவாகரத்தாகி ஆறு வருஷம்.”

“ஒரு தடவை பட்டது போதாதா?” என்று அலுத்துக்கொண்டு பெர்னிஸ் கையை நீட்டினாள். டார்லா ஒரு விவாகரத்துத் தாளைக் கொடுத்தாள்.

“அவரோடது எங்கே?”

“அதுவேதான்.”

பெர்னிஸ் படித்துப் பார்த்தாள். டார்லாவின் முன்னாள் கணவன் பெயர் வெண்டல்.

“அப்புறம் எதுக்குய்யா பிரிஞ்சீங்க?”

“தனி ஆளுன்னா வருமானம் கம்மின்னு இவளுக்கு அரசாங்கம் சலுகை விலையில இன்சூரன்ஸ் குடுத்துச்சு. இப்ப சலுகையை எடுத்துட்டாங்க,” என்றான் வெண்டல்.

“இந்த ஆறு வருஷமா?”

“ஒரே வீட்லதான். ரெண்டு வாடகை யார் குடுக்கிறது?” என்றாள் டார்லா.

பெர்னிஸ் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள். கல்யாணச் சான்றிதழோடு விவாகரத்துத் தாளையும் திருப்பிக் கொடுத்தாள்.

“இதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அடுத்த வருஷம் ஃபேக்டரி இன்சூரன்ஸும் ஏறுதாம்.”