பல்கனியில் ஒரு சொட்டு

இந்தக் காலத்தில் சீனிக்கும் வக்கீலாகப் பேச ஆள் இருக்கிறது என்று பொருமினார் ஐயாத்துரை. சலரோகம் எனும் நீரிழிவுக்கு ஒரு கால்விரலைக் கொடுத்துவிட்டு மற்றவற்றைக் காத்துவருபவர். மருமகள் சுகிர்தா அவருடைய புட்டில் மேப்பிள் மரச்சாற்றில் காய்ச்சிய இனிப்புப் பாணியை ஊற்றியிருந்தாள்.

"வெறும் சீனியில்லை மாமா. மரத்திலேயே ஊறின கூட்டு மாச்சத்தும் இருக்கு. அதால சீனி ரத்தத்தில மெல்லத்தான் ஏறுமாம்."

"ஆர் சொன்னது?"

"ஆராய்ச்சி செய்தவை."

"அவைக்கும் விரல் போச்சோ?"

எறும்பு மொய்த்தால் சீனி என்பதுதான் அவர் அறிந்த ஒரே ஆராய்ச்சி. ரொறன்ரோவின் பதினான்காம் மாடிப் பல்கனியில் ஒரு சொட்டு விட்டு, அரைமணி நேரம் குந்தியிருந்தார். ஒன்றும் வரவில்லை.

"பாத்தியளே, எறும்பே தேடேல்லை. பயப்படாமல் சாப்பிடுங்கோ" என்று சுகிர்தா சிரித்தாள்.

"எறும்பே தொடாததையோ எனக்குத் தாறாய் பிள்ளை?" தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, நொண்டியபடி உள்ளே போனார்.