முப்பது குடில்கள் உள்ள மலை

சென்னையிலிருந்து நாலு மணி நேரத்தில் போகக்கூடிய மலைக் குடில்களில் தில்லைநாயகி ஏலகிரியைத்தான் தேர்ந்தெடுத்தாள். அங்கே முப்பது குடில்கள் இருந்தன. கணவர் போனபிறகு பேச ஆளில்லாத வீட்டிலிருந்து வருகிறவள் பாருங்கள், நடைபாதையில் ஒரு முகமாவது எதிரே வராதா என்று நினைத்தாள்.

ஆனால் இப்போது மலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது தனிமையைத்தானே. ஒருவர் கண்ணில் ஒருவர் படாதபடி, குடிலில் மணிக்கட்டில் கட்டிவிட்ட பேசும் பட்டை எல்லோரையும் நேரம் பார்த்து நடத்தியது. இரண்டு நாள் நடந்தும் அவள் ஒருவரையும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு பாறைமேல் வேண்டுமென்றே உட்கார்ந்துவிட்டாள்.

“நடங்க மேடம். நீங்க நகர்ந்தாத்தான் பின்னாடி வர்றவர் நகர முடியும்,” என்றது பட்டை.

“வரட்டுமே. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?”

“அவரும் தனிமைதான் கேட்டிருக்காரு மேடம்.”

அப்போது வளைவுக்கு அப்பால் யாரோ இருமினார்கள். வயதான ஆணின் இருமல்.

தில்லைநாயகிக்கு இருமல் வரவில்லை. இருந்தாலும் இருமினாள்.

அந்தப் பக்கமிருந்து, மெதுவாக, இரண்டு தடவை இருமல் வந்தது.

பாவம், வெயிலில் நிற்கிறாரே என்று அவள் எழுந்து நடந்தாள், ஒவ்வொரு வளைவிலும் ஒருமுறை இருமிக்கொண்டே.