பாட்டுக்கு இரண்டு கொசு

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. யாரென்று பார்க்காமலே குளம் முழுக்க "அருமை! அருமை!" என்றது. பாடினால் இரண்டு கொசு, பாராட்டினால் ஒரு கொசு என்பது அங்கே ஏற்பாடு.

"நான் இன்னும் பாடவே இல்லையே! கிளம்புறேன் அண்ணே," என்றது புதுத்தவளை சித்திரவேலு.

கொசு பிடித்துப் பங்கு வைக்கும் மூத்த தவளை பொன்னுரங்கத்துக்குப் பகீரென்றது. இந்த மழைக்கு வந்து சேர்ந்தவர்களில் மிச்சம் இவன் ஒருவன்தான். இவனும் போனால் குளத்தில் வெறும் கிழடுகள்.

"நாலு கொசு தரேன், இருடா தம்பி."

"வயிறு ரொம்பிப்போச்சுண்ணே."

வேறு வழியில்லாமல் பொன்னுரங்கம் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "சரி, பாடு."

சித்திரவேலு பாடி முடித்தது.

"நடுவிலே சுருதி இறங்கிப்போச்சேடா," என்றது பொன்னுரங்கம் தயங்கித் தயங்கி.

"அட, நிஜமாவே கேட்டீங்களா!" சித்திரவேலு துள்ளி இலைமேல் ஏறியது. "இருங்க, மறுபடி பாடுறேன்."

அது வாய் திறக்குமுன்பே குளம் "அருமை!" என்றது. பொன்னுரங்கம் பெருமூச்சு விட்டு, அந்தப் பாராட்டுக்குக் கொடுக்க அடுத்த கொசுவுக்கு நாக்கை நீட்டியது.