கட்டம் போட்ட சட்டை

விசைத்தறிகளின் சடசடப்பில் கொட்டகைச் சுவரே அதிர்கிறது. நெல்லைநாயகம் சன்னல் வெளிச்சத்தில் போனைப் பிடித்துக்கொண்டு, தனியாக ஹனோய் பார்க்கப் போன மகள் மீனலோசினி காலையிலிருந்து அனுப்பிய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். வழியில் விமானம் மாறிய கோலாலம்பூர் நிலையம், சின்ன ஹோட்டலின் வரவேற்பறை, ஏரிக்கரைச் சிவப்புப் பாலம். மூன்றும் அவளே கையை நீட்டி எடுத்தவை. முப்பது வருஷம் துணி பார்த்துப் பழகிய கண், மகள் முகத்தில் நிற்காமல் மூலைக்குப் போகிறது. நீலக் கட்டத்தில் ஒற்றை மஞ்சள் இழை ஓடும் சட்டை. மூன்று படத்திலும் அதே சட்டை, ஒவ்வொன்றிலும் இன்னும் கொஞ்சம் பக்கத்தில்.

“ஏட்டி முத்துமீனா, இங்கன வா! எவனோ பிள்ளை பின்னாலயே வாரான்.”

மனைவி நூல்கண்டோடு வந்து எட்டிப் பார்க்கிறாள். “இதே மாதிரி சட்டை ஆயிரம் இருக்கும்லா.”

“பாக்கெட்டுக்கு மேல இழை அறுந்திருக்கே, அதுவும் ஆயிரமா?”

போன் மினுங்குகிறது. நாலாவது படம், ஹோட்டல் மொட்டைமாடி. மீனலோசினி சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் அகல விரித்துச் சிரிக்கிறாள். அவளைத் தவிர அங்கே யாரும் இல்லை.

“ஆளக் காணோம்லா. சும்மா பயந்தீங்க” என்று மூச்சு விடுகிறாள் முத்துமீனாள்.

அவர் மகளின் வெறுங்கைகளையே பார்க்கிறார்.

“அப்ப இந்தப் படத்த எடுத்தது யாருட்டி?”