கூடாரத்தின் மறுபாதி

ரெய்னர்ஸ் லேனிலுள்ள தங்கள் வீட்டின் பின்வளவில், ஈரம் காய்வதற்காக விரித்துக் கட்டிய பச்சைக் கூடாரத்துக்குள் சிவமலர் படுத்திருக்கிறாள். துணியினூடே வரும் காலை வெயிலில் அவளுடைய கைகள் தண்ணீருக்கடியில் கிடப்பவைபோல் பச்சையாய் அசைகின்றன. வேலிக்கு அப்பால் ஒரு ரெயில் மெல்லத் தேய்ந்து மறைகிறது. ஜப்பானியக் கிராமங்களைச் சைக்கிளில் சுற்ற இருவரும் சேர்ந்துதான் திட்டம் போட்டார்கள். அவளைப் போகவேண்டாமென்று டொக்டர் மறித்ததால், கணவன் கௌரிதாசனை அவளே தனியாக அனுப்பிவைத்தாள். நேற்றுத்தான் இந்தக் கூடாரத்தோடு திரும்பியிருக்கிறான். அவன் படுத்த பக்கம் முழுக்க வயல்சேறு, பைன் ஊசியிலைகள், சங்கிலி எண்ணெய், பைகள் அழுத்திய தடங்கள். அவள் படுத்திருக்கும் பாதியில் ஒரு கறைகூட இல்லை. கடையில் வாங்கியபோது இருந்த மடிப்புக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. கண்களை மூடி, அவற்றை விரலால் தடவுகிறாள்.

தேத்தண்ணியோடு அவன் குனிந்து எட்டிப் பார்க்கிறான்.

"பையளை இஞ்சால வைச்சிருக்கலாமே?" என்கிறாள்.

"அது உம்மட பக்கம்."

கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு உள்ளே வருகிறான். கைகளை ஒடுக்கிக்கொண்டு, பழகிய ஓரத்திலேயே படுக்கிறான்.

"கிட்ட வாங்கோ."

"உம்மட பக்கமும் சேறு பிரளும்."

"பிரளட்டும்."