வெடிக்காத வண்டி

“இந்த வண்டிதாங்க அதுங்களுக்குத் தண்டோரா” என்றான் மாரியப்பன். “ஐயா வர்றத மைல் தூரத்துலயே சொல்லிடுது. அப்புறம் திருட்டு நாயிங்க எப்படி மாட்டும்?”

ஆதிநாராயணன் திண்டிவனம் கடைத்தெருவில் மாரியப்பன் வைத்திருந்த பட்டறையின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, தன் வேட்டியில் படிந்திருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் அது. இவர் வாங்கிய நாளிலிருந்தே எண்ணெய் ஒழுகியது, புகைக் குழாயில் வெடித்தது.

கிளியனூர் ரோட்டில் ஏரிக்கரைக்குக் கீழே அவருடைய மல்லாட்டைக் கொல்லை இருந்தது. செடி பிடுங்கி முடிந்த கொல்லையில், மண்ணுக்குள் தங்கிப்போன வேர்க்கடலைக் காயைப் பெண்கள் கிளறிப் பொறுக்கிக்கொள்வார்கள். மற்ற நிலக்காரர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. மண்ணோடு மக்கினாலும் மக்கட்டும், எவளும் கால் வைக்கக் கூடாது என்பது ஆதிநாராயணன் கட்டளை.

“கரை எறக்கத்துல பெட்ரோலக் கொறைச்சாப் போதும், பட்டு பட்டுனு வெடிக்குது” என்றார் அவர். “நான் கீழ போய்ச் சேர்றதுக்குள்ள கொல்லையில ஒருத்தி இல்ல. எட்ட நின்னுக்கினு என் வேட்டியப் பாத்துச் சிரிக்கறாளுங்க.”

“சிரிக்கத்தான் தெரியும். கை கால் நல்லா இருந்தும் அடுத்தவன் மண்ணத் தோண்டற ஜன்மங்க.”

மாரியப்பனும் முகையூர்ப் பக்கம் அப்படிப் பொறுக்கிய காயைத் தின்று வளர்ந்தவன்தான். கடைத்தெருவுக்கு வந்தபின் அதை யாரிடமும் சொன்னதில்லை.

“இன்னிக்கு இந்தச் சத்தம் நின்னுதுன்னா, நம்ம கெணத்து ஆயில் எஞ்சின் வேலை இனிமே உனக்குத்தான்” என்றார் ஆதிநாராயணன். “நிக்கலன்னா பாண்டிச்சேரிக்காரனக் கூப்பிட்டுக்குவேன்.”

மாரியப்பன் தலையாட்டினான். யுத்தம் வந்து பெட்ரோலுக்கு ரேஷன் சீட்டு போட்டதிலிருந்து அவன் பட்டறைக்கு வண்டி வருவதே அபூர்வம். இந்த வேலை போனால் கதவைச் சாத்திவிட்டு அவனும் யார் கொல்லைக்காவது போக வேண்டியதுதான்.

எஞ்சின் மூடியைக் கழற்றி, எண்ணெயை ஒழுகவிட்ட, இற்றுப்போன அட்டையைச் சுரண்டி எறிந்தான். புது அட்டை வெட்டி, அரக்குத் தடவி, மூடியை இறுக்கினான். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு சைக்கிள் கம்பியை விட்டு, உள்ளே பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடத்தைக் கண்டான்.

“பொறி பிந்தி விழுதுங்க. அதான் உள்ள எரிய வேண்டியது பொகைக் கொழாய்ல போய் வெடிக்குது. இதுக்கு முன்னாடி தொட்டவன் எவனோ மாட்டு வண்டிக்காரன்.”

பொறி விழும் முனைகளுக்கு நடுவே சிகரெட் தாளைச் செருகி, அது எப்போது இளகி வருகிறதென்று பார்த்துப் பார்த்துப் பொறியின் நேரத்தை முன்னே தள்ளி வைத்தான். நடுநடுவே பக்கத்திலிருந்த தூக்குச் சட்டியில் கைவிட்டு, அவித்த மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டான்.

ஒரு காய் கீழே விழுந்தது. ஆதிநாராயணன் அதைச் செருப்பு நுனியால் உருட்டிப் பார்த்தார்.

“எங்கடா வாங்கின இத? மொளை வுட்ட காய்.”

“எங்க வூட்டுல சந்தையில வாங்கினதுங்க.”

“நல்லா ஏமாத்திட்டான் உன் பொண்டாட்டிய.”

“அம்சவள்ளிக்கு இன்னா தெரியும். கூறுகெட்டது” என்று மாரியப்பன் சிரித்தான்.

பகல் சாய்வதற்குள் வேலை முடிந்தது. உதைத்ததும் எஞ்சின் சீராக ஓடியது. அடியில் விரித்த சாக்கில் ஒரு சொட்டு விழவில்லை. பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிக் குறைத்தான். ஒரு வெடிச் சத்தம் இல்லை.

“கரை எறக்கத்துல எஞ்சின நிறுத்திட்டு உருள வுடுங்க, ஐயா. பக்கத்துல வர்ற வரைக்கும் ஒருத்திக்கும் தெரியாது.”

“ஒருத்தி மாட்டட்டும். காய்க் கூடைய அவ தலையிலயே வச்சி இந்தக் கடைத்தெருவுல நடத்திக் கூட்டியாறேன்.”

“நம்ம பட்டறை முன்னால கொஞ்சம் நிறுத்துங்க, ஐயா. நானும் ரெண்டு வார்த்த கேக்கணும்.”

வண்டி சத்தமில்லாமல் கிளியனூர் ரோட்டில் திரும்பியது.

வெயில் தணிந்த நேரத்தில் தெருமுனையில் கூச்சல் கேட்டது. ஆதிநாராயணன் வண்டியை மெதுவாக ஓட்டி வந்தார். வேட்டியில் புதிதாக ஒரு கறை இல்லை. அவருக்கு முன்னால், முந்தானையை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, தலையில் காய்க் கூடையோடு ஒருத்தி நடந்து வந்தாள். காலெல்லாம் செம்மண். கடைக்காரர்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பட்டறை வாசலில் வண்டி நின்றது.

“மாரியப்பா, உன் கைராசிடா” என்றார் அவர். “நாளைக்கே எஞ்சினப் பாக்க வந்துடு. இப்ப கேளு, உன் ரெண்டு வார்த்தய.”

மாரியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். எல்லாரும் கேட்கும்படி தொண்டையைச் செருமினான்.

“திருடறப்ப இல்லாத வெக்கம் இப்ப இன்னாடி? முக்காட்ட எடு. மூஞ்சிய ஊரு பாக்கட்டும்.”

ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் முந்தானையை விலக்கினாள்.

“வண்டி வெடிக்கவே இல்லியே, மாமா” என்றாள் அம்சவள்ளி.